பத்தரைக்குள் ஒரு பில்ட்

போன் அடித்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அறந்தாங்கி மாடி ஆபீஸில் செம்மல் அப்போதுதான் டீ டம்ளரை வாயருகே கொண்டு போயிருந்தான்.

"செம்மலா? மணமேல்குடி எஸ்.ஐ. சொர்ணவல்லி பேசுறேன். மீனவங்களுக்கான புயல் எச்சரிக்கை ஆப் நீங்க செஞ்சதுதான?"

"ஆமாங்க மேடம்..."

"நாகராசு படகு கவுந்து கரை ஒதுங்கிக் கெடக்கு. மூணு ஆளக் காணோம். நேத்து சாயங்காலம் ஒங்க ஆப் அலாரம் அடிச்சிருக்கணும். ஒரு போன்லயும் அடிக்கல. ஏன்?"

டீ மடியில் கொட்டியது. சுட்டது. அவன் துடைக்கவில்லை.

ஏன் என்று அவனுக்குத் தெரியும்!

ஆப்பைக் கட்டித் தரும் பில்ட் தளம் வியாழக்கிழமை புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. பூட்டிய போனில் அலாரம் அடிக்க இனித் தனி அனுமதி கேட்க வேண்டும் என்று அப்டேட் குறிப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். செம்மல் படிக்கவில்லை. சோதித்தும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடுமே! நல்ல காரியத்தை அதற்குள் முடிக்க வேண்டாமா? பத்து இருபதுக்கு, ஆப்பின் புதுப் பதிப்பான பில்ட்டை எல்லாப் போனுக்கும் அனுப்பும் பட்டனை அமுக்கினான். கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் வேறு காட்டினான், மகராசன்.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள் சொர்ணவல்லி.

நாக்கு புரண்டது.

"மேடம்... மணிமேகலைன்னு ஒரு பொண்ணு இங்க வேலை பாத்துச்சு. போன மாசம் சண்டை போட்டுட்டுப் போயிருச்சு. பாஸ்வேர்டு அதுக்குத் தெரியும். அதுதான் ஏதாச்சும்..."

"அப்படியா. அங்கிட்டு வாரேன்."

போன் வைக்கப்பட்டது.

சண்டையாம் சண்டை! 'டெஸ்ட் பண்ணாம அனுப்பாதீங்க சார்' என்று சொன்னதுதான் அந்தப் பெண் போட்ட சண்டை. நேற்று மதியம்கூட அவளிடமிருந்து ஏழு மிஸ்டு கால். அவன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

மூன்று உயிர். அது போதாதென்று ஒரு பெண் மேல் பழி. சீ... இதுவும் ஒரு பிழைப்பா என்று இருந்தது அவனுக்கு.

பதினோரு மணிக்குப் படியில் பூட்ஸ் சத்தம்.

சொர்ணவல்லி வந்தாள். பின்னால்... மணிமேகலை!

"இந்தப் பொண்ணுதான?"

செம்மல் தரையைப் பார்த்துத் தலையாட்டினான்.

"கம்ப்ளெயிண்ட் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே உள்ள வச்சிரலாம்."

பேப்பர் வந்தது. பேனா வந்தது. விரல்தான் வரவில்லை.

மணிமேகலை அவன் மடியில் இருந்த டீக்கறையைப் பார்த்தாள்.

"சார், சுட்டுருச்சா? தண்ணி ஊத்துனீங்களா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை. பேனாவைக் கீழே வைத்தான்.

"இது ஒண்ணும் பண்ணல மேடம். நான்தான். அப்டேட்டுல என்ன மாத்துனாங்கன்னு படிக்கல. ராகுகாலத்துக்கு முந்தி அனுப்பணும்னு அவசரப்பட்டேன். மூணு பேரும் என்னாலதான் செத்தாங்க. பழிய இது மேல போட்டுட்டேன். இது மொகத்தப் பாக்கவே கேவலமா இருக்கு."

அழுதான். சொர்ணவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தெரியும்."

"மேடம்?"

"நீங்க பேரச் சொன்னதும் தேடிப் போனோம். இந்தப் பொண்ணு நாகராசோட மச்சான் வீட்டுல உக்காந்து மீன் கொழம்பு சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல காணாமப் போன மூணு பேரும்."

"உ... உயிரோடவா?"

"செத்தவன் கொழம்பு கேப்பானா? நேத்து அந்தக் குறிப்ப இது படிச்சிருக்கு. நீங்க போன எடுக்கல. ஸ்கூட்டில மணமேல்குடிக்கே போயி, மீன் ஏலக்கூடத்து மைக்கப் புடுங்கி, அலாரம் அடிக்காது, யாரும் எறங்காதீங்கன்னு சொல்லியிருக்கு. ஒருத்தரும் எறங்கல. காத்துக்குப் பயந்து மூணு பேரும் வீட்டுக்குக்கூடச் சொல்லாம மேட்டுத் தெரு மச்சான் வீட்டுல தங்கிட்டாங்க. படகு மட்டும் கயிறு அத்துக்கிட்டுத் தனியாப் போயிருச்சு."

செம்மல் எழுந்து மணிமேகலையைக் கும்பிட்டான்.

"மொதல்ல அந்த பில்ட வாபஸ் வாங்குங்க சார்" என்றாள் அவள். "மிச்சத்த அப்புறம் பேசலாம்."

வாங்கினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மேடம்... எம்மேல கேஸ் உண்டுங்களா?"

சொர்ணவல்லி தொப்பியை எடுத்து மாட்டினாள்.

"கேஸா? அதெல்லாம் எதுக்கு? இந்தப் பொண்ணு மேல பழி போட்டவன் மூஞ்சியப் பாக்கணும்னு அந்த மூணு பேரோட சம்சாரமும் ஜீப்புல வந்திருக்காங்க. மேல அனுப்புறேன். நான் டீ குடிச்சிட்டுப் பத்து நிமிசம் கழிச்சு வாரேன்!"