நான் சொல்ற வரைக்கும்

விசாரணை மூன்று மணிக்கு. இரண்டு நாற்பதுக்கே அவள் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, அலுவலகச் செயலிக்குள் நுழைந்தாள். அழைப்புப் பட்டியலின் உச்சியில் ஒரு வரி மஞ்சளாக நின்றுகொண்டிருந்தது.

லிஃப்ட் – ஹோல்டில் – 455:31:08.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டு ஒன்பதானது, ஒன்பது பத்தானது.

ஒருவரை ஹோல்டில் போட்டுவிட்டு மறந்துபோவது அவள் வேலையில் அதிசயமில்லை. இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தின் பராமரிப்பு டெஸ்க் அவளுடையது. குழாய் உடைந்தாலும் அங்கேதான் கூப்பிடுவார்கள், ஏசி ஒழுகினாலும் அங்கேதான். ஒரு நேரத்தில் நாலு பேர் வரிசையில் தொங்கிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த வரியில் இருப்பவன் செத்துப் பத்தொன்பது நாளாகிறது. அவன் போன் லிஃப்ட் பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்ததையும், போலீஸ்காரர் அதைப் பொறுக்கி ஒரு பையில் போட்டதையும் அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

துண்டிக்கும் பொத்தானை அழுத்தினாள். வரி மறைந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் திரும்ப வந்து நின்றது. நேரம் முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை, விட்ட இடத்திலிருந்தே ஓடியது.

லிஃப்ட் மெக்கானிக்கான அவனை எல்லாரும் 'பத்துநிமிஷம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வேலையைக் கொடுத்தாலும், எவ்வளவு ஆகும் என்று கேட்டால், அரை நாள் வேலையாக இருந்தாலும் சரி, "பத்து நிமிஷம்க்கா" என்பான். போலி நகை மாதிரி பளபளக்கும் ஒரு சிரிப்பு. முன்பல் இரண்டும் கட்டிய பல். மின்சார அறையில் இருப்பவர் ஸ்விட்ச் அண்ணன், ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தவர். லிஃப்டின் அடிப்பள்ளத்தில் ஆள் இறங்கினால் கட்டடத்தில் ஒரு விதி உண்டு. பள்ளத்தில் இருப்பவனும் ஸ்விட்ச் பக்கத்தில் இருப்பவரும் நேராகப் பேசிக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொரு அழைப்பில் இருவரும் டெஸ்கோடு இருப்பார்கள். பள்ளத்தில் இருப்பவன் ஏறிவந்து சொன்னபிறகு, டெஸ்க் 'போடுங்க' என்றால்தான் அண்ணன் கரண்ட்டைப் போட வேண்டும். அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து மட்டும்தான் வரலாம்.

அன்றைக்கும் அப்படித்தான். "லைன்ல இருங்கக்கா. நான் சொல்ற வரைக்கும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பத்துநிமிஷம் உள்ளே இறங்கினான். அவனை ஹோல்டில் போட்டாள். ஸ்விட்ச் அண்ணன் லைனில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்போது வீட்டு எண் கூப்பிட்டது. அண்ணனையும் ஹோல்டில் போட்டுவிட்டு வீட்டு அழைப்பை எடுக்க நினைத்தவள், ஹோல்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் மெர்ஜ் பொத்தானை அழுத்திவிட்டாள். அண்ணனின் அழைப்பும் வீட்டு அழைப்பும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. அது அவளுக்குத் தெரியாது.

துணி ஊறியது போதும் என்று வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் கேட்டார், "மெஷினைப் போடவா?"

"போடு, போடு. எல்லாத்துக்கும் என்னையே கேக்கணுமா?" என்றாள் அவள்.

லிஃப்ட்காரர்கள் மேலே சுற்றும் மோட்டாரை மெஷின் என்றுதான் சொல்வார்கள். ஸ்விட்ச் அண்ணன் கரண்ட்டைப் போட்டுவிட்டார், லிஃப்ட் பள்ளத்துக்கு இறங்கிவிட்டது.

பிறகு அவள் செய்த காரியம்தான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. கீழே கூச்சல் கேட்டதும், எழுந்து ஓடுவதற்கு முன்னால், பட்டியலில் இருந்த வீட்டு அழைப்பை அழித்தாள். முதலில் அதைத்தான் செய்தாள். அப்புறம்தான் ஓடினாள். கை தவறியது பாவமில்லை என்று ஆயிரம் தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள். அழித்தது கை தவறி இல்லையே என்று மனசு ஆயிரத்தோராவது தடவையாகக் கேட்டது. வீட்டுக்காரரிடமும் மூச்சு விடவில்லை. தன் கேள்வி ஒரு ஆளைக் கொன்றது என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

"என்ன அண்ணி, முகமெல்லாம் வேர்க்குது?" என்றாள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. அண்ணி ராத்தூக்கம் இல்லாமல் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஒத்தாசைக்கு வந்திருப்பவள்.

கரண்ட்டை நிறுத்தியிருக்கிறோமே, வேர்க்காமல் என்ன செய்யும் என்று பின்பக்கமிருந்து வீட்டுக்காரர் பதில் சொன்னார். வாஷிங் மெஷின் அன்றைக்கு ஓடியதோடு சரி, பிறகு ஓடவில்லை. அதன் பிளக் பாயிண்ட் கருகியிருந்தது. அவள் அந்தப் பக்கமே போகாமல் கையால் துவைத்துக்கொண்டிருந்தாள். இன்று விடுமுறை, மாற்றியே தீருவேன் என்று ஸ்க்ரூடிரைவரும் கையுமாக அவர் நின்றார். வெறுங்கால், கீழே ஈரத்தரை.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடலாமே என்று கேட்டுப் பார்த்தாள்.

"இதுக்கெல்லாமா? பத்து நிமிஷம்" என்றார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் மணி மூன்றாகப் போகிறது. அவர் பின்பக்கமும் நாத்தனார் வாசல் பக்கமும் இருந்தால், தான் விசாரணையில் சொல்லப்போகும் பொய் அவர்கள் காதில் விழாது. அதனால் பேசாமல் இருந்துவிட்டாள்.

அவர் தங்கையை வாசலோரம் மெயின் ஸ்விட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "நான் சொல்ற வரைக்கும் போடாதே. என் குரல் கேக்கலைன்னா அண்ணி சொல்லுவா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார்.

மின்விசிறி நின்ற வீட்டில், இதுவரை இருப்பதே தெரியாமலிருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. சுவர்க்கடிகாரம், குளிர்சாதனப் பெட்டிக்குள் உருகும் பனி சொட்டுவது, பின்பக்கம் ஸ்க்ரூ ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மொபைல் டேட்டாவில் ஓடிய லேப்டாப் மேஜையைச் சூடாக்கியது. நல்ல வெயில், ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தின் வெள்ளைச் சுவர் கண்ணைக் கூச வைத்தது. பேய்க்கும் பிசாசுக்கும் இது நேரமே இல்லை. ஆனாலும் அந்த வெளிச்சத்துக்குள் எங்கிருந்தோ பழைய கிரீஸும் தேங்கிய தண்ணீரும் கலந்த வாடை வந்தது. அந்த வாடை அவளுக்குத் தெரியும். லிஃப்ட் பள்ளத்து வாடை.

லேப்டாப்பின் ஸ்பீக்கரில் மெல்லிய இசை கேட்டது. ஹோல்டில் கிடப்பவர்களுக்குச் செயலி போடும் அதே ஆறு சுர மெட்டு. இந்த முனையில் இருப்பவருக்கு அது கேட்கவே கூடாது.

மூன்று மணிக்குத் திரையில் விசாரணையின் வீடியோ சதுரங்கள் திறந்தன. பாதுகாப்பு அதிகாரி, அலுவலக நிர்வாகி, மூன்றாவதில் ஸ்விட்ச் அண்ணன். மகளுடைய போனில் இருந்தார் போலிருக்கிறது, பாதி முகமும் மேற்கூரையும்தான் தெரிந்தன. பத்தொன்பது நாளில் மனுஷன் பாதியாகியிருந்தார்.

அதிகாரி கோப்பைப் படித்தார். மெக்கானிக் கேட்டார் என்று அண்ணன் சொல்கிறார், ஆனால் அந்த நேரத்தில் மெக்கானிக் ஹோல்டில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது, ஹோல்டில் இருக்கும் ஆள் எப்படிப் பேசுவான்? வேலைநேரத்தில் அண்ணன் குடித்திருந்தாரா என்றுகூடக் கேட்டார். இன்று முடிவானால் அண்ணனுக்கு வேலை போகும், ஓய்வுப் பணம் போகும், வழக்கும் வரும்.

அண்ணன் தொண்டையைச் செருமினார். "சார், நான் காதால கேட்டேன். மெஷினைப் போடவான்னு ஒரு குரல். அப்புறம் இந்தம்மா போடு, போடுன்னாங்க. பதினோரு வருஷத்துல அவங்க என்னை ஒருதரம்கூட 'போடு'ன்னதில்ல சார், 'போடுங்க'ம்பாங்க. அப்படி ஏகவசனத்துல சொல்றாங்கன்னா என்னமோ அவசரம்னு நெனச்சுட்டேன்."

நிர்வாகி லேசாகச் சிரித்தார். அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், அந்த அம்மா அப்படிப் பேசுகிறவரே இல்லையே என்றார். அந்த 'ங்க' இல்லாமல் போனதுதான் அண்ணன் சொல்வது சத்தியம் என்பதற்கு ஒரே சாட்சி. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இசை நின்றது.

455:55:40. மஞ்சள் வரி பச்சையானது. அவள் எதையும் தொடவில்லை.

ஸ்பீக்கரில் சொட்டு. சொட்டு. அப்புறம், வெகு கீழேயிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு குரல்.

"அக்கா."

சதுரங்களில் யாரும் அசையவில்லை. அவர்களுக்குக் கேட்கவில்லை.

"லைன்லயேதான் இருக்கேன்க்கா. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மரியாதையாகத்தான் கேட்டான். கோபமே இல்லை. அதுதான் அவளை நடுங்க வைத்தது.

"நேராவே கேக்கறேன்" என்றார் அதிகாரி. "நீங்க 'போடு'ன்னு சொன்னீங்களா?"

அண்ணன் போனைக் கிட்டே கொண்டுவந்தார். இப்போது கண்கள் மட்டும் தெரிந்தன. "சொல்லுங்கம்மா. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்றார்.

சொல்லிவிடலாம். ஆமாம் என்ற ஒரு சொல்தான். சொன்னால் அண்ணன் பிழைப்பார். தனக்கு வேலை போகும், வழக்கும் வரும். தன் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியைச் சுமப்பார். அவரை நினைத்துத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதுவும் பொய் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"இல்ல சார். நான் யார்கிட்டயும் அப்படிப் பேச மாட்டேன்."

அண்ணனின் கண்கள் மூடிக்கொண்டன.

ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு.

"சரிக்கா" என்றான் பத்துநிமிஷம். "அப்ப நான் சொல்றேன்."

அவள் ஒலியைக் குறைக்கப் பாய்ந்தாள். குறையவில்லை. மூடியை அறைந்து சாத்தினாள். சாத்திய லேப்டாப்புக்குள்ளிருந்து வந்தது, வீடு அதிர, அவள் வீட்டுக்காரரின் குரல்.

"மெஷினைப் போடவா?"

பின்னாலேயே அவள் குரல். அவளுடையதேதான். அதே சலிப்பு.

"போடு, போடு. எல்லாத்துக்கும் என்னையே கேக்கணுமா?"

"போடாதே!" என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

வாசல் பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம்.

தலைக்கு மேல் மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமியது. பின்பக்கம் வாளி ஒன்று கவிழ்ந்து உருண்டது. உருண்டு, சுவரில் முட்டி, நின்றது. அப்புறம் அந்தப் பக்கமிருந்து ஒன்றுமே கேட்கவில்லை.

"போட்டுட்டேன் அண்ணி" என்றாள் நாத்தனார், வாசலிலிருந்து. கொஞ்சம் மனத்தாங்கலோடு. "அண்ணன் இன்னும் சொல்லலையேன்னு பார்த்தேன். நீங்கதானே போடு, போடுன்னீங்க?"

லேப்டாப்பின் மூடி தானாக ஒரு விரற்கடை உயர்ந்திருந்தது. அந்த இடுக்கில் வெளிச்சம். சதுரங்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. பச்சை வரி மறுபடி மஞ்சளாகியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு மஞ்சள் வரி, இப்போதுதான் வந்தது.

வீடு – ஹோல்டில் – 00:00:01.

00:00:02.