கீழே இறங்கிய சிம்பல்

முன்பெல்லாம் சுகுமார் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு சும்மா இருக்காது. விரலாலேயே தாளம் போடுவான். “சோறு துன்ற தட்டுல இன்னாடா கச்சேரி?” என்று அம்மா எல்லம்மாள் திட்டுவாள்.

இப்போது அம்மாவுக்குத் திட்டும் வேலையே இல்லை. உத்திரமேரூர் சாலையில் பைக் சறுக்கி விழுந்ததிலிருந்து, அவனுடைய வலது கை மார்புக்கு மேலே எழும்புவதில்லை. தட்டிலும் தாளம் இல்லை, அவன் வாயிலும் பேச்சு இல்லை. ஆறாம் வகுப்பு படிக்கும் தங்கை சசிரேகாவால் அதைத்தான் தாங்கவே முடியவில்லை.

சுகுமார், மஹபூப் பாஷாவின் இன்னிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். ஞாயிற்றுக்கிழமை திருமுக்கூடலில் கல்யாணக் கச்சேரி. அவனால் முடியுமா என்று பார்க்க, குழுவின் எலக்ட்ரானிக் டிரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு பாஷாவே வீட்டுக்கு வந்துவிட்டார்.

“முடியலன்னா சொல்லிடு சுகு. செங்கல்பட்டுல ஒரு பையன் கீறான். எனக்கும் மனசு கேக்கல. ஆனா கல்யாண வூட்டுக்குப் பதில் சொல்லணுமே.”

கம்பிச் சட்டத்தை நிறுத்தி, ரப்பர் பேடுகளை மாட்டினார்கள். டிரம் பேடுகள் இடுப்பளவில், ‘ஜல்’லென்று தாளத்தட்டு போல ஒலிக்கும் சிம்பல் பேடுகள் தலையளவில். பித்தளை சிம்பல் வாசித்துப் பழகியவர்கள் அப்படித்தானே மாட்டுவார்கள்! ஒவ்வொரு பேடிலிருந்தும் ஓர் ஒயர் வரும். அதைச் சத்தம் எழுப்பும் பெட்டியில் செருக வேண்டும். அந்த வேலை சசிரேகாவுடையது.

சுகுமார் சிம்பல் பேடை நோக்கிக் கையைத் தூக்கினான். பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினான். குச்சி நழுவித் தரையில் விழுந்தது.

பாஷா அதை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் முகத்தைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

“வேணாம் பாய். அந்தப் பையனையே கூப்ட்டுக்குங்க.”

சொல்லிவிட்டு, ஆத்திரத்தில் இடுப்பளவில் இருந்த பேடில் ஓர் அடி அடித்தான்.

ஜல்ல்ல்!

கீழே அடித்தால் சிம்பல் சத்தம் வருகிறது!

“ஏய் சசி! ஒயர மாத்திச் சொருகிட்டியா? ஒரு வேலையாவது ஒழுங்கா செய்ய மாட்டியா?” என்று அவன் ஒயரைப் பிடுங்கப் போனான்.

சசிரேகாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புடுங்காதண்ணா! அப்டியே இருக்கட்டும். பேடு எங்க இருந்தா இன்னா? ஒயர் போற எடத்துச் சத்தம்தானே வருது? சிம்பல் கீழயே இருக்கட்டும். மேல போன டிரம்ம அடிக்க உன் இடது கை கீதே!”

பாஷா தாடியைத் தடவினார்.

“அட அல்லாவே! பித்தள வாசிச்ச பழக்கத்துலயே ரப்பரையும் மாட்டிக்கினு கீறோமே!”

சசிரேகா இன்னொரு சிம்பலின் ஒயரையும் மாற்றிச் செருகினாள். சுகுமார் வாசித்தான். பழைய பழக்கத்தில் கை மேலே போகப் பார்த்தது, தாளம் தடுமாறியது. நிறுத்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். சட்டை வியர்வையில் நனைந்த பிறகுதான் தாளம் பிடிபட்டது. கடைசி அடியில் சிம்பல் ‘ஜல்’ என்று சரியாக விழுந்தது.

“நாயித்துக்கெழம வேன் வரும், ரெடியா இரு,” என்றார் பாஷா.

அன்று சாப்பிடும்போது சசிரேகா தன் சோற்றைத் தொடவில்லை. அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக். டக்கு டக்கு டக்.

எல்லம்மாள் கரண்டியோடு அப்படியே நின்றாள். கண்ணில் நீர் கொட்டியது.

“சோறு துன்ற தட்டுல இன்னாடா கச்சேரி?” என்று அழுதுகொண்டே கேட்டாள்.

அவன் நிறுத்தவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.