இந்த வாரத் தலைப்பு... ஓய்வு!

போன் அலறியது.

ருமென் எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பல்செட். ரூசே நகரத்துக் கிழவர்களில் பாதிப் பேர் அவன் செய்து கொடுத்த பல்லால்தான் ஆட்டுக்கறியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுபடியும் அலறியது.

இன்னொரு வாழ்த்தாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நேற்று மாலையிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. 'புதன்கிழமை ஃபிரேம்' என்ற போட்டோ குழுவில் சேர்ந்த நாள் முதலாய்க் கடைசி இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் மாதிரி இருந்தவன்... நேற்று முதலிடம்!

வாரம் ஒரு தலைப்பு. இந்த வாரத் தலைப்பு 'ஓய்வு'. டான்யூப் கரைப் பூங்காவில், பெஞ்சில் ஒரு பெண் படுத்திருக்கிறாள். தலையில் கம்பளிக் குல்லா. கன்னத்துக்குக் கீழே கை. சாம்பல் நிறக் கோட்டின் மேல் உதிர்ந்த இலைகள். பின்னால் ஆறு. அவ்வளவுதான் படம்.

பல்செட்டை வைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"ருமென்தானே? இன்ஸ்பெக்டர் டெட்டெலினா பேசறேன். உங்க குழுப் பக்கத்துல ஒரு படம் பார்த்தேன். பெஞ்சுல ஒரு பொண்ணு."

"ஆமா மேடம். என் படம்தான். முதலிடம்."

"வாழ்த்துக்கள். அந்தப் பொண்ணு யாரு?"

"தெரியாது மேடம். நேத்து மத்தியானம் தூங்கிட்டிருந்தாங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு எழுப்பல."

"எழுப்பியிருக்கலாம்."

"ஏன் மேடம்?"

"இன்னிக்குக் காலைல எங்களால எழுப்ப முடியல."

*

ஸ்டேஷனில் முதல் வேலையாக அவனுடைய பத்து விரலிலும் மையைத் தடவினார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் டெட்டெலினாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் முகத்தில் சிரிப்புக்கு இடமே ஒதுக்கப்படவில்லை.

"பேரு ராலிட்சா. புருஷன் ஜெர்மனியில லாரி ஓட்டறான். ஊர்ல யார் கூடயும் சண்டை கிடையாது. இவ பூங்காவுக்கு எதுக்குப் போனாள்னு பக்கத்து வீட்டுக்கும் தெரியல."

"எப்படி மேடம் செத்தாங்க?"

"பின்மண்டையில ஒரு அடி. குல்லா போட்டிருந்ததால ரத்தம் வெளியே தெரியல. உள்ளேயே கசிஞ்சிருக்கு. மத்தியானம் அடி... உயிர் போனது இருட்டற நேரத்துல. டாக்டர் சொல்றார்."

ருமென் அந்த நேரங்களை ஒட்டிப் பார்த்தான்.

"அப்போ... நான் படம் எடுத்தப்போ?"

"உயிர் இருந்திருக்கு. ஒரு போன் பண்ணியிருந்தா ஆஸ்பத்திரியில காப்பாத்தியிருப்பாங்க. எத்தனை படம் எடுத்தே?"

"முப்பது... நாப்பது இருக்கும் மேடம்."

"அவ்வளவு நேரம் சுத்திச் சுத்தி வந்திருக்கே. மூச்சு எப்படி இருக்குன்னு பார்க்கலையா?"

"வெளிச்சத்தைப் பார்த்துட்டிருந்தேன் மேடம்."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவன் காதிலேயே விழுந்தது. கூசிப் போனான். மண்டி போட்டு, குனிந்து, அந்த முகத்துக்கு அத்தனை பக்கத்தில் போனவன்... ஒரு வார்த்தை 'அம்மா' என்று கூப்பிட்டிருக்கலாம்.

டெட்டெலினா ஒரு பிளாஸ்டிக் பையை மேஜை மேல் வைத்தாள். உள்ளே ஒரு பச்சை நிற ஒயின் பாட்டில்.

"இதைத் தெரியுதா?"

"தெரியும் மேடம். பெஞ்சுகிட்ட அவங்க காலடியில இருந்துச்சு. ஃபிரேம்ல அந்தப் பச்சை கண்ணை உறுத்துச்சு. எடுத்துப் புதருக்குள்ள வெச்சுட்டுத்தான் படம் எடுத்தேன்." குரலைத் தாழ்த்தினான். "எங்க குழுவுல அது பெரிய தப்பு மேடம். காட்சியில கை வைக்கக்கூடாது. தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டெட்டெலினா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அடி முட்டாளா... இல்லை, அழுத்தக்காரனா?

"அந்தப் பொண்ணை அடிச்சது இந்த பாட்டிலாலதான். இது மேல ஒரே ஒருத்தரோட ரேகைதான் இருக்கு."

"யாரோடது?"

"இப்பத்தான் மை தடவிக் கொடுத்தியே."

*

ஆயுள் தண்டனை என்ற வார்த்தையை டெட்டெலினா சொல்லவில்லை. ருமெனுக்கே அது கேட்டது.

அப்போதுதான் நேற்றைய மாலை ஞாபகத்துக்கு வந்தது.

பென்காவின் காபிக் கடை. புதன்தோறும் அங்கேதான் கூடுவார்கள். சுவரில் வெள்ளைத் துணி. அவன் படம் பெரிதாக விழுகிறது. கடைசி வரிசையிலிருந்து ஒக்னியானின் குரல்... ஓய்வு பெற்ற நோட்டரி. குழுவிலேயே மூத்தவர். எந்தப் படத்தையும் உரித்துத் தொங்கவிடாமல் வீட்டுக்குப் போகாதவர்.

'அந்தப் பச்சை பாட்டிலை எடுத்தது தப்பு. அது இருந்திருந்தா படம் பேசியிருக்கும்.'

ருமென் திருடனுக்குத் தேள் கொட்டியது போலத் தலையைக் குனிந்துகொண்டான். புல்லில் பாட்டில் இருந்த தடத்தைப் பார்த்துவிட்டார், குழுவைவிட்டே தூக்கிவிடுவார்கள் என்ற பயம்தான் அப்போது.

இப்போது...

"மேடம்! பச்சை பாட்டிலை எடுத்தது தப்புன்னு நேத்து குழுவுல ஒக்னியான் அண்ணன் சொன்னார். ஆனா எந்தப் படத்துலயும் பாட்டில் கிடையாது. முதல் படம் எடுக்கறதுக்கு முன்னாடியே அதை எடுத்துட்டேன். அப்புறம் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது? பச்சைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

டெட்டெலினா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"இதை வேற யார் கேட்டாங்க?"

"எல்லாரும் மேடம். கடையே நிறைஞ்சிருந்துச்சு."

டெட்டெலினா குழுவில் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். முதலில் பேக்கரிக்காரன் ஸ்டாமென்.

"ஒக்னியான் சார் என்ன சொன்னாருன்னா கேக்கறீங்க? தெரியல மேடம். அடுத்தது என் படம். என்ன பேசணும்னு மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டிருந்தேன்."

அடுத்தது பள்ளிக்கூட டீச்சர் வியாரா.

"அவர் வாயைத் திறந்தா நான் பனிட்சா பஃப்ஸை வாயில போட்டுக்குவேன் மேடம். அப்பத்தான் பொறுத்துக்க முடியும். ஒண்ணும் காதுல விழல."

"ருமென் படம் ஞாபகம் இருக்கா?"

"ஏதோ ஆறு... மரம்..."

"அதுக்குத்தானே முதலிடம் கொடுத்தீங்க?"

"அவனுக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட கிடைச்சதில்ல மேடம். இந்த வாரமாவது கொடுத்துடலாம்னு பேசி வெச்சிருந்தோம். பாவம்ல?"

ருமென் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொலைக் குற்றம் தலைமேல் தொங்கும்போதும் அந்தப் 'பாவம்ல' எங்கேயோ போய்த் தைத்தது.

இன்னும் நாலைந்து பேரிடம் பேசியாயிற்று. எல்லோரும் ஒரே பாட்டு. வாரா வாரம் படம் காட்டி விவாதிக்கும் எந்தக் குழுவுக்கும் ஒரு ரகசியம் உண்டு. அடுத்தவன் படத்தைப் பார்க்க அங்கே யாரும் வருவதில்லை.

கடைசியாகக் கடைக்காரி பென்கா.

"பச்சை பாட்டில்தானே? ஆமா மேடம். நல்லா கேட்டுச்சு. அதை எடுத்தது, படம் பேசறது... ஏதோ அப்படி."

ருமெனுக்குப் போன உயிர் திரும்பியது. மேஜையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"யார் சொன்னது?" டெட்டெலினா பேனாவைத் திறந்தாள்.

"ருமென்தான் மேடம்."

"பென்கா..." ருமென் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தான். "நான் இல்ல பென்கா. ஒக்னியான் அண்ணன். பின்னாடி வரிசை. நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஐயோ, நீ அங்கயா இருக்கே? எனக்கு ஆம்பளைக் குரல்னு தெரியும். நான் நிமிர்ந்து பார்க்கலப்பா. போன்ல என் படத்தோட வானத்தைச் சரி பண்ணிட்டிருந்தேன். ஆனா படம் உன்னுது. உன் படத்தைப் பத்தி உன்னைத் தவிர வேற யாரு பேசப் போறாங்க?"

டெட்டெலினா எழுதிக்கொண்டாள்.

*

ஒக்னியான் தானாகவே வந்தார். கறுப்பு ஓவர்கோட். மெல்லிய தோல் கையுறை. ஊரில் பாதி வீட்டுப் பத்திரத்தில் அவர் முத்திரைதான் என்பதால் ரைட்டர் எழுந்து நாற்காலி போட்டார்.

வாக்குமூலம் சீக்கிரமே முடிந்தது. "நான் ஒரு வார்த்தையும் பேசல. அவன் படத்தைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

தாழ்வாரத்து பெஞ்சில் ருமென். கையில் விலங்கு. காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் அந்தக் கோடியில் இருந்த ஜன்னலைத் திறந்து வைத்து, வெளியே தலையை நீட்டி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் டிராலிபஸ் இரைச்சல்.

ஒக்னியான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே... நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரியும்."

"சொன்னேன்."

ருமென் திகைத்தான். மறுப்பார் என்றுதான் நினைத்திருந்தான்.

"ஏன் அண்ணே? அந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?"

"கிளம்பறேன்னா. புருஷன்கிட்ட ஜெர்மனிக்கே போயிடறேன்னா." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "ரெண்டு வருஷமா அதே பெஞ்சுல உக்கார்ந்து பேசியிருக்கோம். நம்ம குழுவுல இத்தனை பேர் கழுத்துல கேமரா தொங்குது. ஒருத்தன் கண்ணுலயும் படல."

"அவங்க மூச்சு விட்டுட்டிருந்தாங்க அண்ணே. நான் எடுக்கும்போது உயிர் இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதுடா. உயிர் போயிடுச்சுன்னு நெனச்சுத்தான் வந்தேன்." கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "உனக்குத் தெரிஞ்சிருக்கணும். என்னைவிட நீதான் அதிக நேரம் பக்கத்துல இருந்தே."

ருமென் கையில் இருந்த விலங்கையே பார்த்தான்.

"அப்போ பாட்டிலைப் பத்தி வாயே திறக்காம இருந்திருக்கலாமே அண்ணே. ஏன் சொன்னீங்க?"

ஒக்னியான் முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இப்போதுதான் கோபம் தெரிந்தது.

"கன்னத்துக்குக் கீழே கையை வெச்சது யாருன்னு நெனச்சே? தலையை ஆத்துப் பக்கம் சாய்ச்சு... கோட்டை இழுத்துவிட்டு... இலையை அள்ளி மேல தூவி... கடைசியா பாட்டிலைக் காலடியில வெச்சேன். குடிச்சுட்டுத் தூங்கறா போலன்னு எல்லாரும் தாண்டிப் போகணும். போனாங்களே. நீ வந்து பாட்டிலை எடுத்துட்டே. சாயங்காலம் திரையில பார்க்கறேன்... எல்லாம் நான் வெச்சபடி இருக்கு, ஒண்ணைத் தவிர. மனசு கேக்கலடா. வாயில வந்துடுச்சு."

ருமென் எழுந்தான். "மேடம்... மேடம்..." என்று கத்தினான்.

டெட்டெலினா கதவைத் திறந்தாள்.

"இவரே ஒத்துக்கிட்டார் மேடம். இப்போ, இதே இடத்துல. எல்லாத்தையும் சொன்னார்."

அவள் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். "கேட்டியா?"

"ஜன்னல்கிட்ட இருந்தேன் மேடம். ஒரே பஸ் சத்தம்."

"அழுதுட்டிருந்தான், பாவம்." ஒக்னியான் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "ஆறுதல் சொல்லிட்டிருந்தேன். தம்பி, கோர்ட்ல நல்ல வக்கீலா வெச்சுக்கோ."

நிதானமாகப் படி இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. தடுக்க யாரிடமும் எதுவும் இல்லை.

கான்ஸ்டபிள் ருமெனின் தோளைப் பிடித்து லாக்கப் பக்கம் திருப்பினான். போகிற வழியில் இன்ஸ்பெக்டரின் மேஜை. அதன் மேல் முதலிடம் பெற்ற அந்தப் படம், பெரிதாகப் பிரிண்ட் போட்டு. ருமென் நின்று பார்த்தான். படுக்க வைத்தது ஒக்னியான். இலை தூவியது ஒக்னியான். பரிசு கொடுத்தது பரிதாபம். இதில் அவனுடையது என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது, பாட்டில் மேல் இருந்த ரேகை மட்டும்தான்... அதையும் போலீஸ் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது!