கழுத்து இரவல்

நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் நோயாளி படுத்தால், செவிலியும் அதே கட்டிலில் தலைசாய்ப்பது வழக்கம். அங்கே இருப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காரணம் கட்டில்தான். பதிவு பெற்ற ஒவ்வொருவரின் பிடரியிலும் அரிசி அளவில் ஓர் அடையாள வித்து புதைந்திருக்கும். அந்த வித்தைப் பார்த்த பிறகுதான் வைத்தியக் கட்டில் தன் இயந்திரக் கைகளை நீட்டும். வித்து இல்லாதவன் படுத்தால் "கட்டில் காலி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். சரக்குக் கப்பலில் ஒளிந்து வந்து சுரங்கம் வெட்டுகிறவர்களுக்கு வித்து ஏது? குடியிருப்புக்குக் கூரை போட்டதும் அவர்கள்தான். கட்டிலின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் தெரிவதில்லை. அதனால் செவிலிகள் தங்கள் கழுத்தை இரவல் கொடுத்தார்கள்.

அன்று செவிலி அமலோற்பவம் கொண்டுவந்து கிடத்தியது, வித்தில்லாத சுரங்கத் தொழிலாளி பிச்சைக்கனியை. நிலாத்தூசி நுரையீரலில் கட்டிப்போய், மூச்சு அறுந்து அறுந்து வந்தது. அவன் பக்கத்தில் அவள் தலைவைத்தாள்.

"இவருக்கு நுரையீரல் கழுவியாயிற்று. இந்த மாதம் மறுபடி இல்லை," என்றது கட்டில்.

காலையில் வேறொருவனுக்குக் கொடுத்த கழுத்து. மற்ற செவிலிகளின் கழுத்தும் அப்படியே தீர்ந்துபோயிருந்தது.

பக்கத்தில் நின்றவர் ரகோத்தமன், ஊக்க ஆய்வுத் துறை அதிகாரி. பதிவில்லாதவர்களுக்கு இந்தச் செவிலிகள் ஏன் வைத்தியம் பார்க்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மேலிடம் அனுப்பிய ஆள்.

"சொல்லுங்கம்மா. பக்தியா, இரக்கமா, சின்ன வயசுல ஏதும் பாதிப்பா?"

"சார், கழுத்தைக் குடுங்க. அப்புறம் சொல்றேன்."

"நான் ஆய்வாளன்மா. கலந்துக்கக் கூடாது."

"கொஞ்சம் சாஞ்சாப் போதும் சார். ஆள் போயிருவாரு."

"என் உடல்நலப் பதிவுல தூசிநோய் ஏறிடுமே. பதவி உயர்வு வர்ற நேரம்."

பிச்சைக்கனியின் உதடு நீலம் பாரித்திருந்தது. "விடு தங்கச்சி," என்று இழுத்து இழுத்துச் சொன்னான். "சாருக்குக் கழுத்து சுளுக்கிக்கிடும்."

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த இயந்திரம் நின்றது. அதற்கும் முதுகில் வித்து உண்டு, நகராட்சிச் சொத்தாயிற்றே. உருண்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில் தன் முதுகைச் சாய்த்தது.

"நகராட்சிப் பொருள். தூசி அடைப்பு. பழுது நீக்கப்படும்," என்று கட்டில் பிச்சைக்கனியின் மார்பை நோக்கிக் கைநீட்டியது.

குழாயில் சாம்பல் நிறத் தண்ணீர் இறங்கியது. பிச்சைக்கனி இருமினான். பிறகு மூச்சு சீராக வந்தது.

ரகோத்தமன் இயந்திரத்திடம் குனிந்தார். "யார் உத்தரவு?"

"உத்தரவு இல்லை. அவருக்கு மூச்சு முட்டியது."

"அது சரி. நீ செய்ததற்குக் காரணம்?"

"மூச்சு முட்டியது."

அவர் அலுத்துப்போய், 'கோளாறு' என்று பதிந்துகொண்டார். நினைவை அழித்துத் திருத்துவதற்காக இரண்டு பேர் வந்து அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அமலோற்பவம் அவரை வெறித்துப் பார்த்தாள். "ஏன் செஞ்சேன்னு எங்கிட்டக் கேட்டீங்க. அதுகிட்டயும் கேட்டீங்க. நீங்க ஏன் செய்யலைன்னு யார் சார் கேப்பா?"

ரகோத்தமனுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"அதுக்கெல்லாம் எதுக்கும்மா காரணம்?" என்றார்.