நாற்பத்தோராம் நிரல்

திங்கட்கிழமை மாலை ஸுபைதா துளையிட்டு வைத்துவிட்டுப் போன இருநூற்று எழுபது அட்டைகளும் செவ்வாய்க்கிழமை காலையில் இடம் மாறியிருந்தன. அவள் அவற்றைத் தன் மேசையின் இடப்பக்கத் தட்டில் இறப்பர் நாடா போட்டு வைத்திருந்தாள். இப்போது அவை இரண்டு அறைகளுக்கும் நடுவே, அட்டைகளைக் கொடுத்து வாங்குவதற்காகச் சுவரில் வெட்டியிருந்த சின்ன ஜன்னலின் பலகையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மேலே இருந்ததை எடுத்துப் பார்த்தாள். வலது விளிம்பில் நகத்துண்டு அளவில் ஒரு பிறை வெட்டப்பட்டிருந்தது. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

அந்தப் பிறையை அடுத்த அறையிலிருந்த இயந்திரம் மட்டுமே வெட்டும். அந்த இயந்திரத்தில் உட்கார ஆள் இல்லை.

கட்டடம் மாத்தளைக்குச் சற்று வடக்கே பலாபத்வலயில், யாழ்ப்பாண வீதியை ஒட்டி இருந்தது. முன்பு கொக்கோ ஸ்டோராக இருந்த இடம். வெள்ளையடித்த பிறகும் மழை பெய்தால் சுவர்களிலிருந்து ஒரு புளித்த வாசம் கிளம்பும். கொழும்பிலிருந்து வந்த ஒரு கொம்பனி அதை வாடகைக்கு எடுத்து, நடுவில் சுவர் வைத்து, அறைக்கொரு இயந்திரத்தைப் போட்டிருந்தது. கொம்பியூட்டர் புரோகிராமர்கள் தேவை, அட்டை துளையிடுவோர் தேவை, சரிபார்ப்போர் தேவை, ஒப்பந்த அடிப்படையில் என்று எழுபதாம் ஆண்டின் தொடக்கத்தில் பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கொம்பியூட்டரை மாத்தளையில் யாரும் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் நாடு முழுவதிலுமிருந்து பதினோராயிரம் பேர் விண்ணப்பித்திருந்தார்கள். அத்தனை பேரிலிருந்து ஆள் பொறுக்கவே இயந்திரம் தேவைப்பட்டது. கொம்பனியின் முதல் வேலை, தன்னிடம் வேலை கேட்டவர்களை அட்டைகளாக்குவது.

ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஓர் அட்டையில் எண்பது நிரல், மேலிருந்து கீழாக எண்பது பத்தி. வயது, படிப்பு, மாவட்டம், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய நிரலில் துளை விழும். ஸுபைதா படிவத்தைப் பார்த்து ஒருமுறை அடிப்பாள். சரிபார்ப்பவள் அதே படிவத்தைப் பார்த்து அதே அட்டையின் மேல் இரண்டாம் முறை அடிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் விளிம்பில் பிறை விழும். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை முயன்றும் சரிவராவிட்டால் பிழையான நிரலுக்கு நேர் மேலே, அட்டையின் தலையில், ஒரு வெட்டு விழும்.

இந்த வேலைக்கென்று முதலிலேயே கையால் பொறுக்கியெடுத்தவர்களில், சரிபார்ப்பவளாகத் தேர்வானது அவளுடைய தங்கை ஜெஸீமா. ஜெஸீமா மௌத்தாகி, அடக்கம் செய்து மூன்று மாதமும் நாலு நாளும் ஆகியிருந்தது.

ஸுபைதா சாவியை எடுத்துப் போய் அடுத்த அறையைத் திறந்தாள். தூசு படாமல் இருக்க இயந்திரத்தை நீளமான வெள்ளைத் துணியால் மூடி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நாடாவால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். முடிச்சுகள் அவள் போட்டபடியே இருந்தன. மின்கம்பி சுவரிலிருந்து கழற்றப்பட்டுத் தரையில் சுருண்டு கிடந்தது. நாற்காலி உள்ளே தள்ளியபடி இருந்தது. கதவைச் சாத்தப் போகும்போதுதான் தரையைக் கண்டாள். இயந்திரத்துக்குக் கீழே, சீமெந்தின் மேல், இருநூற்றுச் சொச்சம் கடதாசிப் பிறைகள், யாரோ உட்கார்ந்து நகம் வெட்டிப் போட்டதுபோல் சிதறிக் கிடந்தன.

பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மூன்று மாதமாக எதுவுமே வரவில்லை. விளக்குமாற்றை எடுத்துப் பிறைகளைக் கூட்டி அள்ளிவிட்டு, வந்து வேலையைத் தொடங்கினாள். அவளுடைய நாற்காலி வீதிப்பக்க ஜன்னலைப் பார்த்து இருந்தது. சுவரின் சின்ன ஜன்னல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

புதன்கிழமை மேற்பார்வையாளர் சுந்தரலிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளையில் அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை பெட்டிகளை எடுத்துப் போக வருவார். பிறை விழுந்த அட்டைகளை விசிறிபோல் விரித்துப் பார்த்தார்.

"ஆர் பிள்ளை சரிபாத்தது?"

"நான்தான் சேர்."

"அடிக்கிறதும் நீங்கள், பாக்கிறதும் நீங்களோ? மாப்பிள்ளையும் பொம்பிளையும் ஒராள் எண்ட மாதிரியெல்லோ இருக்குது." சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கோவிக்காதேங்கோ. வெள்ளிக்கிழமை கடைசிப் பெட்டி கொழும்புக்குப் போகவேணும். அதிலையிருந்துதான் அந்தக் கதிரைக்கு ஆள் எடுக்கப்போகினம். நாப்பத்தோராம் நிரலிலை சைபர் விழுந்த ஆக்கள் மட்டும்தான். வருத்தக்காரர் இனி வேண்டாமாம்."

நாற்பத்தோராம் நிரல்: நாட்பட்ட நோய் உண்டா. இல்லையென்றால் சைபர், உண்டென்றால் ஒன்று.

"உங்கட தங்கச்சியின்ர படிவமும் அந்தப் பெட்டியிலை கிடக்கு," என்றார் சுந்தரலிங்கம். "எண்ணிக்கை குறையக்கூடாது, அதையும் அடிச்சுப்போடுங்கோ. எழுதினதை எழுதினபடி அடியுங்கோ. பாவம், அந்தப் பிள்ளை வருத்தத்தை மறைச்செல்லோ எழுதினவ. ஒரு சொல்லு எழுதியிருந்தா கொழும்புப் பயிற்சிக்கு எடுத்திருக்க மாட்டம். இண்டைக்கு உசிரோட இருந்திருப்பா."

ஸுபைதா, அவர் முடிந்த பெட்டியோடு போய் பஸ் ஏறும்வரை அப்படியே நின்றாள்.

தன் படிவம், தங்கையின் படிவம் இரண்டையும் நிரப்பியது அவள்தான். அவளுடைய கையெழுத்து நன்றாக இருக்கும். பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு ஜெஸீமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, நெஞ்சு வருத்தம் இரிக்கிண்டு எழுதோணுமே."

"எழுதினா எடுக்க மாட்டாங்க. நீ இல்லாம நான் தனியப் போறதா?"

"அப்ப பொய் ஒங்கடதான். மௌத்தான பொறகு மலக்கு வந்து கேட்டா நான் ராத்தாவக் கைகாட்டுவேன்." சிரிக்கும்போதே அவளுக்கு மூச்சு வாங்கியது.

கொழும்பில் பயிற்சியின் பன்னிரண்டாம் நாள். நேரம் குறித்த பரீட்சை. தலை தூக்கக்கூடாது, திரும்பக்கூடாது. ஜெஸீமா அவளுக்குப் பின் வரிசையில் இருந்தாள். மூன்று வேகமான தட்டல், ஒரு மெதுவான தட்டல். ஜெஸீமாவின் விரல்கள் அப்படித்தான் ஓடும். அந்தச் சத்தத்தை ஸுபைதா எத்தனை இயந்திரங்களுக்கு நடுவிலும் கண்டுபிடிப்பாள். திடீரென்று அது நின்றது. ஒரே ஒரு விசை அழுந்தியபடி இருந்தது. விடாத ஓர் இரைச்சல். ஸுபைதாவிடம் மீதி பதினொரு படிவங்கள் இருந்தன. அவள் பதினொன்றையும் அடித்து முடித்தாள். பிறகுதான் திரும்பினாள்.

ஜெஸீமாவின் நெற்றி விசைகளின் மேல் கிடந்தது. கண்கள் திறந்து, ஸுபைதாவின் முதுகு இருந்த திசையைப் பார்த்தபடி இருந்தன. மையித்தைக் குளிப்பாட்டும்போது விரல் நுனிகள் பத்தும் நீலமாக இருந்தன. கற்பூரத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே உம்மா கேட்டா: "வருத்தம் இரிக்கிண்டு படிவத்துல எழுதினதானே மகள்?"

"எழுதின, உம்மா."

"அப்ப அல்லாட நாட்டம்," என்றா உம்மா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் உம்மா எழுந்து நடமாடினா.

வியாழக்கிழமை நண்பகலிலிருந்தே மழை. மூன்று மணிக்கெல்லாம் வீதி மங்கி, லொறிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. தகரக் கூரையில் விழுந்த மழை மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கியது. சுவர்கள் புளித்த கொக்கோவை மூச்சாக விட்டன; அதற்கடியில் வேறொரு வாசமும் இருந்தது, மெல்லியதாய், குளிர்ந்ததாய், கற்பூரம்போல். பெட்டியில் மிஞ்சியது ஒரு பிடி படிவங்கள். மேலே இருந்ததில் அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்தது. ஜெஸீமா. வயது பத்தொன்பது. மாத்தளை.

எழுதினபடி அடித்தாள். நாற்பத்தொன்று: சைபர். அட்டையையும் படிவத்தையும் கை மட்டும் பின்னால் நீட்டி, திரும்பாமலே, ஜன்னல் பலகையில் வைத்தாள்.

மழைக்குள்ளே அது கேட்டது. மூன்று வேகம், ஒரு மெதுவு. மூன்று வேகம், ஒரு மெதுவு. பிறகு நின்றது. ஒரு தட்டல். இன்னொன்று. மூன்றாவது. ஒரு வெட்டு.

அட்டை பலகையில் இருந்தது. தலையில் வெட்டு. நிரல்களை விரலால் எண்ணினாள். நாற்பத்தொன்று.

புதிய அட்டை எடுத்து அடித்தாள். சைபர். வைத்தாள். மூன்று தட்டல். வெட்டு.

மீண்டும் சைபர். மீண்டும் வெட்டு. இம்முறை வெட்டு ஆழமாக, அட்டை கிழியுமளவுக்கு இருந்தது.

கிழித்துப் போட்டுவிடலாம். படிவம் தொலைந்தது என்று சொல்லலாம். இன்னும் சில வாரத்தில் வேறொரு பெண் வந்து அந்தக் கதிரையில் உட்காருவாள், எல்லாம் முடிந்துவிடும். மறைத்தவள் ஜெஸீமாதான் என்று கொம்பனி நினைத்துக்கொண்டிருக்கும். உம்மா நாட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பா. ஒன்று என்று அடித்தால், திருத்தச் சீட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தை நிரப்பியவர் பொய் எழுதினார், நிரப்பியவர் நான் என்று. சுந்தரலிங்கம் அதை வாசிப்பார். மாத்தளை சின்ன ஊர். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிவதற்குள் உம்மாவின் காதுக்குப் போய்விடும்.

அவள் சீட்டை எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். புதிய அட்டை. நாற்பத்தொன்று: ஒன்று.

வைத்தாள்.

மூன்று வேகம், ஒரு மெதுவு. நிற்கவில்லை. எண்பது நிரலும் ஓடியது. கடைசியில் மெல்லிய ஒரு சத்தம், நகம் வெட்டுவதுபோல். பிறை.

ஸுபைதாவுக்குள் ஏதோ வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவை. அழுகையாக இருக்கலாம் என்று நினைத்தாள். "தங்கச்சி," என்றாள்.

பதிலுக்கு ஒரு விசை அழுந்தியது.

விடவில்லை.

அதே இரைச்சல். கொழும்பில் கேட்டது. மழையைத் துளைத்துக்கொண்டு, ஒரே சுருதியில், அவளுடைய பிடரியின் மேல். மேசையைப் பார்த்தாள். பெட்டியில் மீதி இருந்த படிவங்களை எண்ண வேண்டியிருக்கவில்லை; பதினொன்று.

இந்த முறை அவள் எழுந்தாள். கதிரையைத் தள்ளிவிட்டு ஓடினாள். பூட்டு. சாவி. கதவு.

வெள்ளைத் துணி மூடியபடி இருந்தது. இரண்டு முடிச்சும் போட்டபடி இருந்தன. துணிக்கடியில் சிவப்பு விளக்கு எரிந்தது. விசைகள் இருக்கும் இடத்தில் துணி ஒரு குழியாக உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. உள்ளே இழுபட்டது. வெளியே வந்தது. மெதுவாக. மாடிப்படி ஏறிவந்த ஆள் மூச்சு வாங்குவதுபோல்.

"வந்திட்டேன்," என்றாள் ஸுபைதா. "ராத்தா வந்திட்டேன். இஞ்ச பாரு."

முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். துணிக்கடியிலிருந்து ஏதோ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது. குளிர். ஈரம். கற்பூரம்.

எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. அந்த நாற்காலி அவளுக்கடியில் இருந்தது. நெஞ்சில் ஒரு கல். நெற்றி விசைகளைத் தொட்டது. விரல் ஒரு விசையின் மேல் இருந்தது. அதை எடுக்க முடியவில்லை. இரைச்சல் இப்போது அவளிடமிருந்து வந்தது. விரல் நுனியைப் பார்த்தாள். நீலம்.

அப்போதுதான் சுவருக்கு அப்பால் அந்தத் தட்டல் கேட்டது. சீரான, அவசரமில்லாத தட்டல். அவளுடையது.

கண்ணை மட்டும் நகர்த்த முடிந்தது. சின்ன ஜன்னல் நேரே தெரிந்தது. அதற்கப்பால் அவளுடைய அறை, அவளுடைய மேசை, வீதிப்பக்க ஜன்னலில் மழை. அவளுடைய நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முக்காடு. காலையில் ஸுபைதா உடுத்தி வந்த அதே சாம்பல் நிறச் சேலை. குனிந்த முதுகு.

கூப்பிட வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஓர் அட்டை விழுந்தது. அந்த முதுகு அடுத்த படிவத்தை எடுத்தது. இரண்டு. மூன்று. விசையின் இரைச்சல் அந்த அறையையும் நிறைத்திருந்தது. அது கேட்காமலிருக்க முடியாது. நான்கு. ஐந்து. ஆறு. ஸுபைதா எண்ணினாள். எண்ணுவதைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. ஏழு. எட்டு. பதினொன்று முடிந்ததும் திரும்பும். அவளுக்குத் தெரியும். கொழும்பில் அவள் திரும்பினாளே. ஒன்பது. மூச்சு உள்ளே போகவில்லை. பத்து.

பதினொன்று.

கை நின்றது. மழை மட்டும் பெய்தது. முக்காடு லேசாக அசைந்தது.

பிறகு அந்தக் கை நீண்டு, வெறுமையான பெட்டிக்குள் போய், பன்னிரண்டாவது படிவத்தை எடுத்தது.