சந்தை மாடும் பீலித் தண்ணீரும்

பதுளைக்கு இரயில் வராத காலம் அது. ஞாயிற்றுச் சந்தையில் கீரை விற்கும் நல்லம்மாவோடு பேச ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள். பக்கத்தில் முள்ளங்கி விற்கும் பெரியாயி. போன வாரம் அந்த ஒருத்தியின் பேச்சும் நின்றுவிட்டது.

முன்பெல்லாம் அம்மாவும் கூட வருவாள். போன மழைக்காலத்தில் அம்மா அழுக்குத் தண்ணீரால் பேதி கண்டு இறந்துபோனாள். இப்போது அப்பா நல்லம்மாவையும் கீரைக்கட்டையும் சந்தையில் இறக்கிவிட்டு, தேயிலைத் தோட்டத்து மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பத்து வயதுப் பிள்ளை மாலைவரை தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். அதனால் எல்லோரும் சந்தையோரமாக ஓடும் கான் வாய்க்காலில் தண்ணீர் மொண்டு தெளிப்பார்கள். காய்கறி பளபளவென்று இருக்கும். போன வாரம் நல்லம்மாவும் சிரட்டையோடு கானுக்குப் போனாள். சற்று மேலே ஒரு வண்டிக்காரர் அதே கானில் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மாடும் சும்மா நிற்காமல் வாலைத் தூக்கியது.

நல்லம்மாவுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. ஓடிவந்து கத்தினாள்.

“அத்தே! தெளிக்காதீங்க! அதுல மாட்டு மூத்திரம் கலந்திருக்கு!”

முள்ளங்கி வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!” என்றாள் பெரியாயி. அதோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வாரமும் அந்த முகம் நல்லம்மா பக்கம் திரும்பவில்லை. நல்லம்மா இருமிப் பார்த்தாள். “இன்னைக்கு நல்ல வெயிலு” என்று சொல்லிப் பார்த்தாள். பெரியாயி முள்ளங்கியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தை முழுக்கச் சத்தம். அவளோடு பேசத்தான் ஆளில்லை.

எதிரே போஞ்சிக்காய் விற்கும் மாடசாமி, கானை நோக்கி வாளியோடு எழுந்தார்.

“மாமா, மேட்டுல பீலி இருக்கே. மலைத் தண்ணி சுத்தமா வருமே” என்றாள் நல்லம்மா மெதுவாக.

“அது எனக்குத் தெரியாதா? மேட்டுக்குப் போயிட்டு வாறதுக்குள்ள அந்த மகராசி என் சரக்க முடிச்சிருவா!”

அவர் காட்டிய இடத்தில் ஒரு செவலைப் பசு யாருடைய கூடை காவலில்லாமல் கிடக்கிறது என்று பார்த்தபடி நின்றது.

இதுதானா விஷயம்! யாருக்கும் அழுக்குத் தண்ணீர்மேல் ஆசையில்லை. கடையை விட்டுப் போகத்தான் வழியில்லை. அதைக் கேட்காமல் ஊர் கூடும்படி கத்தியிருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நல்லம்மா தகர டின்னை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கீரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல யாருமில்லை. போனால் போகட்டும் என்று மேட்டில் ஏறினாள்.

மலையூற்று குழாய் வழியாகக் கொட்டும் பீலியில் டின்னை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். கீரை இந்நேரம் பசுவின் வயிற்றில் இருக்கும்.

அங்கே பெரியாயி கையில் குச்சியோடு கீரைக்கு முன்னால் நின்றாள். பசு கொஞ்சம் தள்ளி நின்று அவளை முறைத்தது.

“போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகக்கூடாதா?”

“நீங்கதான் பேசமாட்டேங்கிறீங்களே, அத்தே.”

“பேசலைன்னா காதும் கேக்காதா?”

நல்லம்மா சிரித்துவிட்டாள். முதலில் பெரியாயியின் முள்ளங்கியை மண் போகக் கழுவிக் கொடுத்தாள். பிறகுதான் தன் கீரைக்குத் தெளித்தாள்.

“இனிமே ஆள் மாத்தி ஆள் பீலிக்குப் போவோம். போறவங்க கடைய நான் பாத்துக்கிறேன்” என்றாள் நல்லம்மா.

பெரியாயி உடனே குடத்தைத் தூக்கினாள். “முள்ளங்கி பத்திரம், நல்லம்மா!”

அவள் வந்ததும் மாடசாமி வாளியோடு கிளம்பினார். “போஞ்சிய விட்றாத, நல்லம்மா!”

அவருக்குப் பின்னால் கத்தரிக்காய்க்காரியும் கிளம்பினாள். பசு எல்லாப் பக்கமும் வந்து பார்த்தது. நல்லம்மா எல்லாப் பக்கமும் கத்தி விரட்டினாள். இடையிடையே பெரியாயியோடு விட்டுப்போன ஒரு வாரக் கதையையும் பேசித் தீர்த்தாள்.

சாயங்காலம் அப்பா வண்டியோடு வந்தார்.

“போலாமாம்மா?”

“போலாங்கப்பா” என்றாள். கீச்சென்று காற்றுத்தான் வந்தது.

“என்னம்மா, தொண்ட கட்டிப்போச்சா?”

நல்லம்மா வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

“பேசிப் பேசித்தாம்பா.”