ஆர்டிஸின் வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டிஸின் உடலை நான்தான் வண்டியில் கொண்டு வந்தேன். சாலையின் குறுக்கே தரைப்பனி புகையாக ஓடியது. வீட்டு வாசல் பலகையில் 'ஹெல்ஸ்டாட் அண்ட் சன்ஸ், இறுதிச் சடங்கு இல்லம்' என்றிருந்தது. அவளுக்கும் அவள் புருஷன் ஆர்விலுக்கும் மகன்களே பிறக்கவில்லை. வடக்கு டகோட்டாவின் இந்தச் சின்ன ஊரில் இறந்தவர்களையெல்லாம் கழுவி, பதப்படுத்தி, உடுத்தி அனுப்பியவள் அவள். இல்லத்தை நடத்தும் உரிமம் மட்டும் புருஷன் பெயரில். நான் அவளுடைய உதவியாள்.

கீழறை மேஜையில் அவளைக் கிடத்தினேன். ஆர்வில் பாதிப் படிவரை வந்து நின்றார். அதற்குக் கீழே அவர் இறங்கி நான் பார்த்ததில்லை.

"வாயை நல்லா மூடிடு, ஜோலீன். ஆயுசு பூரா ஓயாம பேசினவ."

அவரே சிரித்துக்கொண்டார்.

"அப்புறம் ஒண்ணு. திங்கக்கிழமையிலேர்ந்து என் தம்பி மகன் டுவேன் கீழ்வேலையைப் பார்த்துப்பான். நீ முன்னாடி உட்கார்ந்து போன் எடு. பொம்பளைங்களுக்கு மேக்கப் போடணும்னா கூப்பிடறோம்."

"லைசென்ஸ் எங்கிட்டதான் இருக்கு, ஆர்வில். டுவேன் இன்னும் பரீட்சையே பாஸ் பண்ணல."

"கல்லறையில ஒரு ஆம்பளை நிக்கணும், கண்ணு. சனங்க அதைத்தான் எதிர்பார்ப்பாங்க. ஆர்டிஸ் ஒரு நாளாவது பலகையில தன் பேரு வேணும்னு கேட்டாளா?"

கேட்டாள். இதே அறையில், கையுறையைக் கழற்றாமலே, பலமுறை கேட்டாள். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இவர் மாடிக்குப் போய்விடுவார்.

வாயை மூடுவதுதான் எங்கள் தொழிலில் முதல் வேலை. வளைந்த ஊசியைக் கீழ் ஈறு வழியாக ஏற்றி, மூக்கின் நடுச்சுவரில் கோத்து இறக்கி, உதட்டுக்குள் முடிச்சிட வேண்டும். வெளியே எதுவும் தெரியாது. அதிகம் இறுக்கினால் முகம் கோபமாகிவிடும். நான் தளர்வாகத்தான் கட்டினேன். கை கழுவிவிட்டுத் திரும்பினேன்.

வாய் திறந்திருந்தது.

நூல் அறுந்திருக்கும் என்று விளக்கை இழுத்துப் பார்த்தேன். அறுபடவில்லை.

நூலே இல்லை.

மறுபடி தைத்தேன், இரட்டை நூலில். குழாயை மூடத் திரும்பியபோது, பேசத் தொடங்கும் ஒருவர் இழுத்துக்கொள்ளும் மூச்சு முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பினேன். அதே திறந்த வாய். அறையெங்கும் சூடான இரும்பின் வாடை.

ஆர்விலைக் கூப்பிட்டேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

"ஒரு வாயை மூடத் தெரியல. இதுல லைசென்ஸ் வேற."

அன்றுதான் கடைசிப் படியும் இறங்கி மேஜையருகே வந்தார். பசையைப் பிழிந்து, அவள் உதடுகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"சும்மா கிட," என்றார் அவளிடம்.

உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவர் கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

மறுநாள் கூடத்தில் சவப்பெட்டி திறந்திருந்தது. காபி, ஹாம் சாண்ட்விச், நனைந்த கம்பளிக் கோட்டுகளின் மணம். ஆர்வில் பெட்டியருகே நின்று பேசினார்.

"இந்த ஊர்ல செத்தவங்களை எல்லாம் இந்தக் கையாலதான் அனுப்பி வெச்சேன். ஆர்டிஸ் எனக்குத் துணையா இருந்தா. காபி போட்டுத் தருவா."

"எங்கம்மாவ உடுத்தினது ஆர்டிஸ்," என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அவ போடற காபி இருக்கே..."

அவருடைய உதடுகள் மூடிக்கொண்டன.

துக்கம் அடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். தாடை துடித்தது. மூச்சு மூக்கில் சீறியது. மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் இறங்கியது. நான் ஓடிப்போய் அவர் கீழுதட்டைப் பிரித்துப் பார்த்தேன்.

ஈரமான புது நூல்.

முடிச்சு இறுக்கமாக, மிக இறுக்கமாகப் போடப்பட்டிருந்தது. அந்த முகத்தில் அவ்வளவு கோபத்தை நான் கண்டதே இல்லை. அது அவருடைய கோபம் அல்ல.

பெட்டிக்குள் ஆர்டிஸின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஆர்விலின் வாயில் நூல் எதுவும் கிடைக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள். இப்போது அவர் மாடியில் கிடக்கிறார். மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சி இறங்குகிறது.

திங்கட்கிழமை டுவேன் கீழறைக்கு வந்தான். நான் ஒரு பாட்டியம்மாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஜோலீன், நீ இனிமே முன்னாடி..."

அவன் நிறுத்தினான். மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தான். அவன் கண்கள் என்னைத் தாண்டி எதையோ பார்த்தன. நான் மறுபடி பாட்டியம்மாவின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால், ஈரச் சதைக்குள் நூல் மெதுவாக இழுபடும் சத்தம் கேட்டது.

நான் திரும்பவில்லை. அது முடியட்டும் என்று காத்திருந்தேன்.